துறையறிந்து இறங்குவோம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இத்தாலி நாட்டு வெனிஸ் நகரைப் பார்க்கப் போகிறவர்களுக்கென எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களுக்குக் கணக்கில்லை. ஐரோப்பாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது அவற்றுள் ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனார். தமிழாசிரியனுக்கு வெனிஸ் எதற்கு என்று எண்ணியபடியே புரட்டினேன். புரட்டப் புரட்டச் சுவை கூடிற்று. கோடையின் நடுவிலே போகாதீர்கள். காலையில் வந்து மாலையில் ஓடிவிடுவோரோடு சேராமல் ஓரிரவேனும் தங்குங்கள். பெரிய சதுக்கத்தை விடியலில் பாருங்கள், பகலில் சிறு சந்துகளில் நடவுங்கள். கால்வாய்ப் படகுகளின் நேரத்தை முதலிலேயே கேட்டறியுங்கள். கனத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலப் படிகளில் ஏறாதீர்கள். தெருக்குழாய்களில் நல்ல தண்ணீர் வருகிறது, போத்தல் வாங்கிக் குவிக்காதீர்கள். உங்களுக்குக் காட்சியாகத் தெரியும் சந்து இன்னொருவரின் வீட்டு வாசல் என்பதை மறவாதீர்கள். இப்படிப் போகிறது அந்நூல்.

இவை யாவும் நல்ல அறிவுரைகளே. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து இதைப் படிப்பவனுக்கு வேறொரு கேள்வி எழுகிறது. நமக்கும் ஒரு பரவைக்கடல் உண்டு. அதனைச் சூழத் தீவுகள் உண்டு. தண்ணீருக்கு நடுவிலே ஒரு கோட்டை உண்டு. எட்டு நூற்றாண்டுக்கு முன்பே கல்வெட்டில் பெயர் ஏறிய ஒரு துறைமுகமும் உண்டு. இத்தனையும் இருந்தும், நேர்த்திக்கடனுக்கு நயினாதீவு போகிறோம். குதிரை பார்க்க நெடுந்தீவு போகிறோம். பிற்பகல் படகிலே திரும்பிவிடுகிறோம். இடையிலே கிடக்கும் ஆயிரம் ஆண்டு நம் கண்ணிற் படுவதில்லை. ஆதலால் இன்று தீவகம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை சொல்லலாம் என எண்ணுகிறேன். பயணக் குறிப்பும் வரலாறும் கலந்தே வரும்.

முதலில் வெனிஸைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நிலத்திலே படையெடுத்து வந்தவர்களுக்கு அஞ்சிக் கடல்நீரேரியின் சேற்றுத் திட்டுகளிலே ஒதுங்கிய மக்களால் உருவான ஊர் அது. நூற்றுக்கு மேற்பட்ட சிறு திட்டுகள். சேற்றில் மரக்குற்றிகளை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேல் கல் அடுக்கி எழுப்பிய மாளிகைகள். தெருவுக்குப் பதிலாகக் கால்வாய்கள். 1846ஆம் ஆண்டிலே ரயில் பாலம் போடப்படும்வரை அந்நகருக்குத் தரைவழி கிடையாது. இன்னொரு செய்தி நம் தீவக மக்களுக்கு உடனே விளங்கும். நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த அந்த ஊரிலே குடிக்கத் தண்ணீர் இல்லை. மழைநீரை முற்றங்களிலே ஏந்தி, மணலினூடாக வடியவிட்டு, கிணறு போன்ற தொட்டிகளில் சேர்த்தே நூற்றாண்டுக் கணக்காகக் குடித்தார்கள். நிலப்பகுதியிலிருந்து குழாய்வழி நன்னீர் வந்தது 1884இல்தான்.

வெனிஸ் நம் கடலுக்கு முற்றிலும் அந்நியமான ஊருமன்று. அந்நகரத்து வணிகனாகிய மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கடல்வழி திரும்புகையில் இப்பக்கமாகச் சென்றவன். இலங்கைக்கும் பாண்டி நாட்டுக் கரைக்கும் இடைப்பட்ட கடலிலே முத்துக் குளிப்பு நடப்பதை அவன் எழுதிவைத்திருக்கிறான். பாண்டி நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகளை வாங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றைச் சாகவிட்டதையும் வியந்து கூறுகிறான். இந்தக் குதிரைச் செய்தியை மனத்திற் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நமக்கு வேண்டியிருக்கும்.

கால்வாய் நகரங்களுக்கும் நமக்கும் வேறொரு உறவும் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டார்கள். காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், ஊர்காவற்றுறை அடங்கிய தீவுக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு றொட்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். இவற்றுள் பெரும்பாலானவை கால்வாய்களால் பெயர்பெற்ற நகரங்கள். டெல்ஃப்ட் என்ற சொல்லின் மூலமே ‘தோண்டப்பட்டது’, அதாவது வெட்டிய வாய்க்கால் என்பதாகும். வாய்க்கால் ஒன்றுமே இல்லாத, முருகைக்கல்லும் பனையும் நிறைந்த நெடுந்தீவுக்கு வாய்க்காலின் பெயர் வந்து சேர்ந்தது! மற்றைய தீவுகளில் ஒல்லாந்தர் இட்ட பெயர்கள் அவர்களோடு போய்விட்டன. நெடுந்தீவுக்கு மட்டும் ஆங்கிலத்திலே அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் மக்களின் நாவிலோ அது என்றைக்கும் நெடுந்தீவுதான்.

இனி ஊர்காவற்றுறைக்கு வருவோம். ஊராத்துறை, காவலூர் என்றெல்லாம் வழங்கும் இத்துறை, பாளி நூலாகிய சூளவம்சத்தில் ஊராதோட்ட என்று வருகிறது. 12ஆம் நூற்றாண்டிலே சோழரும் இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவும் பாண்டி நாட்டு அரசுரிமைப் போரிலே எதிரெதிராக நின்றனர். பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களிற் கப்பல் கட்டிப் படை திரட்டுகிறான் என்று அறிந்து, சோழர் தரப்பினர் படை அனுப்பி அவற்றை அழித்ததாக இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டுச் சொல்கிறது. ஒரு நாட்டின் பகைவன் தன் ஊர்க் கோயிலில் பெயர் சொல்லி வெட்டி வைக்குமளவுக்கு இத்துறை முக்கியமாக இருந்திருக்கிறது.

அதே பராக்கிரமபாகு இதே துறையைப் பற்றித் தானும் ஒரு கல்வெட்டைத் தந்திருக்கிறான். அது இன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை வாசித்து 1963இல் வெளியிட்டார். சிங்கள வேந்தன் ஒருவன் தமிழிலே விடுத்த ஆணை அது. இந்தக் கடலில் வணிகம் செய்தோருக்கு விளங்கும் மொழி எதுவென்பதை அரசன் அறிந்திருந்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆணையின் சாரம் இது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும். அவர்கள் காக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் பிறநாட்டார் நம் துறையிலே வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பண்டங்கள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. இது கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட வேண்டும்.

பங்கு பிரித்ததிலே ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கலாம். படைக்கு வேண்டியவை யானையும் குதிரையும். அவற்றை ஏற்றி வருகிறவன் அஞ்சாமல் வரவேண்டும். ஆகவே அவனுக்குச் சலுகை கூட. மார்க்கோ போலோ கண்ட குதிரை வணிகத்தின் மறுபுறம் இதுதான். பின்னாளிலே போர்த்துக்கேயர் இத்துறையை யானைகளின் துறைமேடை என்று பொருள்படத் தம் மொழியிலே அழைத்தார்கள். மேடை என்னும் அந்தப் போர்த்துக்கேயச் சொல்லே திரிந்து ஆங்கிலத்திற் கேற்ஸ் ஆயிற்று.

வெனிஸ் நகர வழிகாட்டி வருகிறவனுக்கு அறிவுரை கூறுகிறது. நம் கல்வெட்டோ வருகிறவனை எப்படி நடத்த வேண்டும் என்று ஊருக்கு அறிவுரை கூறுகிறது. எனினும் எங்கே இறங்க வேண்டும் என்று வருகிறவனுக்கும் அது ஒரு நெறி வகுத்திருக்கிறது. துறையறிந்து இறங்கு என்பதே அந்நெறி. இன்றைய பயணிக்கும் அதையே முதல் அறிவுரையாகச் சொல்வேன்.

எப்போது போவது? நம் கடலோடிகளின் கணக்கைக் கேளுங்கள். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும். படகு ஆடும், வயிறும் ஆடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். தை பிற்கூறு முதற் பங்குனி வரைதான் கடல் படுத்துக் கிடக்கும் காலம். அந்நாட்களிலே பரவைக்கடலில் பூநாரைகள் செந்நிறமாகக் கூடி நிற்பதையும் காணலாம். ஆனி மாதத்து நயினாதீவுத் திருவிழா பக்தர்களுக்கு உரியது. வரலாறு பார்க்கப் போகிறவர் கூட்டமில்லாத வேறொரு நாளைத் தேர்ந்துகொள்வதே இருவருக்கும் நல்லது.

எவ்வழி போவது? பெரும்பாலோர் பண்ணைப் பாலத்தால் நேரே வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று ஓடிவிடுகிறார்கள். நான் சொல்லும் வழி வேறு. பொன்னாலைப் பாலத்தாற் காரைநகருக்குப் போங்கள். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடக்கும் மிதவையை நம் மக்கள் ‘பாதை’ என்கிறார்கள். கடலின்மேல் நகர்கின்ற ஒன்றுக்குப் பாதை என்று பெயரிட்ட நாவை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மீன்கூடையும் பள்ளிப் பிள்ளைகளுமாக அதிலே ஏறி நின்றால், ஊர்காவற்றுறை நம் முன்னோர் கண்டதுபோலக் கடலிலிருந்து தெரியும். துறைமுகத்தைத் தரைவழியாகப் போய்ப் பார்ப்பது வீட்டைக் கொல்லைப்புறத்தால் நுழைந்து பார்ப்பது போன்றது. பாதை ஓடும் நேரத்தை மட்டும் முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஏற்ப அது மாறும்.

அந்தக் கடலிடையே தெரிவது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பன்றித் தொடையின் குதி என்பது பொருள். இலங்கைப் படம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது! நமக்கு மாங்காயாகவும் முத்தாகவும் தெரிவது அவரவர் அடுப்படியைப் பொறுத்தது போலும். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்களைப் பணிய வைத்தது குடிநீர் இல்லாமையே. சுற்றிலும் கடல், மதிலும் உறுதி, தண்ணீர்தான் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. கடற்கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே போக விரும்புவோர் காரைநகர்ப் பக்கம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர்காவற்றுறையில் இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். அயலிலே கரம்பொன் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி பிறந்த ஊர். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவர். பயணம் செய்வது எப்படி என்பதற்கும் அவரே நமக்கு முன்மாதிரி. இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தவர் வத்திக்கான் நூலகத்தில் அந்தம் டி புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியைக் கண்டெடுத்தார். 1679இல் அச்சான அந்நூல் அவர் முயற்சியால் 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக மறுபடி உலகுக்குக் கிடைத்தது. எத்தனையோ பேர் போய் வந்த இடத்திலே நம் ஊர்க்காரர் ஒருவர் நம் மொழியின் சுவடு தேடினார். அந்தக் கண்ணோடு நாம் அவருடைய ஊரை ஒருமுறை சுற்றிவந்தால் என்ன?

அங்கிருந்து வேலணை வழியாகப் புங்குடுதீவு. இரண்டையும் இணைக்கும் கடற்பாலத்தை மக்கள் வாணர் தாம்போதி என்பார்கள். அதற்காக உழைத்த வாணர் சகோதரர்களின் பெயர் அது. வெனிஸுக்கு ரயில் பாலம் எப்படியோ, புங்குடுதீவுக்கு இந்தத் தாம்போதி அப்படி. இதைக் கடக்கும்போது வாகனத்தின் வேகத்தைக் குறைத்து இருபுறமும் பாருங்கள். களங்கண்ணி வலைகளின் கம்புகள் நீரிலே வரிசையாக நிற்பது, கடலிலே யாரோ கோடு போட்டு எழுதியது போல இருக்கும்.

புங்குடுதீவுக்குப் போகிறவர் மு. தளையசிங்கத்தை அறியாமற் போகக் கூடாது. 1935இல் பிறந்து 1973இல் மறைந்தவர். சிறுகதையாசிரியர், விமர்சகர், சிந்தனையாளர். ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ முதலிய நூல்களை எழுதியவர். 1971இல், கோயில் நன்னீர்க் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளும் உரிமை வேண்டும் என்று அந்த ஊரிலே சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானார். பின் நெடுநாள் அவர் வாழவில்லை. தீவிலே தண்ணீர் என்பது தாகத்துக்கு மட்டும் உரிய பொருளாக இருக்கவில்லை. யார் அள்ளலாம், யார் கையேந்தி நிற்க வேண்டும் என்பதும் அதிலே அடங்கியிருந்தது. கடற்கோட்டையை விழுத்திய அதே தண்ணீர்தான். நம் வரலாற்றின் இந்தப் பக்கத்தை எந்தச் சுற்றுலாப் பலகையிலும் எழுதமாட்டார்கள். நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அவருடைய வழியில் வந்த கவிஞர் சு. வில்வரத்தினமும் புங்குடுதீவினரே. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, ஆளற்றுக் கிடந்த ஊர்களைப் பாடிய தொகுதி அவருடைய ‘காற்றுவழிக் கிராமம்’. புறப்படுமுன் அதைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். போர் 2009இல் முடிந்தது, திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களே அதிகம். கூரையில்லாத வீடுகளும், முற்றத்தில் ஆல் முளைத்த நாற்சார் வீடுகளும் வழியிலே தென்படும். அவற்றின் உள்ளே நுழைந்து சுவரில் சாய்ந்து படம் எடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வீட்டுக்கு உரியவர் கனடாவிலோ கொழும்பிலோ உயிரோடு இருக்கிறார். அடுப்படி எது, சுவாமியறை எது என்பது இன்னும் அவர் நினைவிலே இருக்கிறது. வெளியே நின்று பாருங்கள். அயலிலே யாரும் இருந்தால் இது எவர் வீடு என்று கேளுங்கள். கேட்கும் ஆளைக் கண்டாலே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

குறிகட்டுவானிற் படகேறினால் நயினாதீவு கால்மணி நேரப் பயணம். அம்மனைத் தரிசித்த பின், மேலே சொன்ன கல்வெட்டு எங்கே என்று கோயிலில் விசாரித்து நின்று பாருங்கள். எழுத்துக்களை வாசிக்க இயலாவிட்டாலும் பரவாயில்லை. எண்ணூறு ஆண்டுக்கு முன் இக்கடலில் வந்தவனை ஏமாற்றக் கூடாது, காக்க வேண்டும் என்று எழுதிய கல் அது என்பதைக் கூட வந்த பிள்ளைகளுக்குச் சொன்னாற் போதும்.

மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்த நயினாதீவே என்று கருதுவோர் உளர். அந்தக் காப்பியத்தில் பயணிகளுக்கு ஏற்ற கதை ஒன்று இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்துக்கொண்டு பசித்தோருக்கெல்லாம் சோறிட்ட ஆபுத்திரன், சாவக நாட்டிலே பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். காற்று மிகுந்ததாற் கப்பல் மணிபல்லவத்திலே தங்குகிறது. அவன் கரையிலே இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமிகள் பாயை விரித்துப் போய்விடுகிறார்கள். தனியே விடப்பட்டவனின் கையிலே எப்போதும் சோறு சுரக்கும் பாத்திரம் இருக்கிறது; ஆயினும் உண்பதற்கு இன்னொரு மனிதன் இல்லை. பிறருக்கு இடாமல் தான் மட்டும் உண்டு உயிர் வாழ விரும்பாத அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

வகுப்பிலே இக்கதையை நடத்தும்போது மாணவர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: “சேர், கடைசிப் படகு எத்தனை மணிக்கு எண்டு அவர் கேக்கேல்லையோ?” நல்ல கேள்விதான். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், அதிலும் நெடுந்தீவு போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். ஆனால் சாத்தனார் சொன்னது அதைவிடப் பெரியது. ஆளில்லாத தீவிலே அமுதசுரபிக்கும் வேலையில்லை. கோயிலும் கோட்டையும் கல்வெட்டும் எத்தனை இருந்தென்ன, வாழ மனிதர் இல்லாவிட்டால் தீவு தீவாக இராது.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தக் கடலைக் கடக்கும்போது ஒரு நிமிடமாவது மௌனமாக இருங்கள். 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு நடுக்கடலிலே மறிக்கப்பட்டு, பெண்கள், குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் கூறினர். மாவிலித்துறையிலே அவர்களுக்கு நினைவிடம் உண்டு. இறங்கியதும் அதைக் கடந்து குதிரை பார்க்க ஓடுகிறவரை எப்படிப் பயணி என்று சொல்வது?

தீவிலே பார்க்க நிறைய உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் எச்சம். வெடியரசன் பெயரோடு மக்கள் சொல்லும் கற்குவியல். ஆபிரிக்காவிலிருந்து வந்து வேர்கொண்ட பெருக்குமரம். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் முருகைக்கற்களை அடுக்கியே எழுப்பிய வேலிகள். ஐரோப்பியர் குதிரை வளர்த்த காலத்தின் மிச்சமாக மட்டக்குதிரைகள் வெளியிலே திரிகின்றன. அவற்றை விரட்டிப் படம் எடுக்காதீர்கள். வறட்சிக் காலத்திலே தண்ணீருக்காக அவையும் அலைகின்றன. நினைவுக்காக வேலிக் கல்லொன்றைப் பையிலே போட்டுவராதீர்கள். ஆளுக்கொரு கல் எடுத்தால் வேலி மிஞ்சாது. குடிதண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கிணற்றிலே அள்ள நேர்ந்தால் கால் கழுவும் கணக்கில் அள்ளாதீர்கள். உணவை மட்டும் கொண்டுபோக வேண்டாம். முதல்நாளே சொல்லிவைத்து, தீவிலே சமைத்ததை வாங்கி உண்ணுங்கள். கருவாடோ பனங்கட்டியோ புழுக்கொடியலோ, கிடைப்பதை அங்கேயே வாங்குங்கள். இயன்றால் ஓரிரவு தங்குங்கள். கடைசிப் படகு போன பின்புதான் தீவு தன் குரலிற் பேசத் தொடங்கும்.

தங்குங்கள் என்று வெனிஸ் வழிகாட்டியும் சொல்கிறது. ஆனால் அங்கே நிலைமை நேர்மாறு. 1951இல் வெனிஸின் பழைய நகரத் தீவுகளிலே ஏறக்குறைய 175,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்தத் தொகை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் பயணிகளின் விடுதிகளாயின. மளிகைக் கடைகள் முகமூடி விற்கும் கடைகளாயின. ஊரவர் நிலப்பகுதிக்குப் போய்விட்டார்கள். காலையில் வந்து மாலையில் போகிறவர்களிடம் 2024இல், நெரிசல் மிகுந்த நாட்களிலே, 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். வருகிறவர் மிகுந்ததால் ஊரவர் குறைந்த ஊர் அது. நம் தீவுகளோ போராலும் தண்ணீர்க் கஷ்டத்தாலும் வேலையின்மையாலும் ஆளிழந்தவை. காரணம் வேறு, முடிவு ஒன்றே. ஆகையால் வருகிறவர் பெருகினாலே தீவகம் தழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. எப்படி வருகிறோம் என்பதுதான் கேள்வி. அரைநாள் நெரிசலாக வந்து, போத்தலையும் சோற்றுப் பொதியையும் எறிந்துவிட்டுப் போகிறவர் நூறு பேரைவிட, கேட்டு, தங்கி, வாங்கி, பெயர்களை நினைவில் வைத்துக்கொள்கிறவர் பத்துப் பேர் தீவுக்கு உதவுவர்.

பெயர்கள் என்றேன். என் மாணவரைத் தீவகத்துக்குக் கூட்டிச் செல்லும்போதெல்லாம் ஒரு வேலை கொடுப்பதுண்டு. ஆளுக்கொரு முதியவரைக் கண்டு, அவ்வூரின் துறைகள், கிணறுகள், வெளிகள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிவர வேண்டும். வரைபடத்திலே ஒரு பெயர் இருக்கும் கரைக்கு அவர்கள் ஐந்தாறு பெயர் கொண்டுவருவார்கள். தோணி கட்டும் துறை, பொழுதுபட்டால் இறங்கக் கூடாத துறை, முன்னொரு காலத்தில் உப்பு ஏற்றிய துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கல்லில் வெட்டிய ஊராத்துறையை எவராலும் அழிக்க முடியாது. நாவிலே மட்டும் இருக்கும் இந்தப் பெயர்கள், சொல்லும் முதியவர் போனால் கூடவே போய்விடும்.

வரும் மாசியிலோ பங்குனியிலோ கடல் அமர்ந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்களும், உள்ளூரிலே இருந்தும் பொன்னாலைக்கு அப்பாற் போகாதவர்களும் இரண்டு நாளை ஒதுக்கிப் போய்வாருங்கள். பாதையிலே ஏறி ஊர்காவற்றுறையில் இறங்குங்கள். கையிலே ஒரு கொப்பியும் பேனாவும் இருக்கட்டும்.